கண் பார்த்ததைக் கை செய்யுமா?

கேட்டிருப்பவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கம் ஒரு தையல் கடையில் எட்டு மாதமாக வேலை பார்க்கும் பெண். வயது 34. கடை நடத்தும் அக்கா பிளவுஸ் வெட்டுவதை நாள்தோறும் எதிரில் நின்று பார்க்கிறார். இரவில் கைப்பேசியில் அதே வேலையைக் காட்டும் வீடியோக்களையும் விடுவதில்லை. எந்த அளவு எங்கே வரும், கைக்குழி எங்கே வளையும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாராம். ஆனால் வாடிக்கையாளரின் துணிமேல் கத்தரிக்கோலை வைத்ததும் கை நடுங்குகிறது, எடுத்துவிடுகிறார். "தைரியமாக வெட்டு" என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. பிறரைப் பார்த்து ஒரு வேலையைக் கற்க முடியுமா, 'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது, அது பிறவியிலேயே அமைவதா என்று மூன்று கேள்விகளை வைத்திருக்கிறார்.

இவற்றுக்கு நடுவே போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். சென்ற மாதம் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் பட்டுத் துணியைத் தவறாக வெட்டிவிட்டாள், அக்கா எல்லோர் முன்னிலையிலும் திட்டிச் சம்பளத்திலும் பிடித்துக்கொண்டார் என்று. எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: கற்றுக்கொண்டுவிட்டேன் என்று தெரிகிறது, பிறகு ஏன் கை போக மறுக்கிறது?

நான் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கு 26 ஆண்டுகள் கல்வி உளவியல் சொல்லிக்கொடுத்தவள். மருத்துவர் இல்லை. எதைத் தொட்டாலும் பயம், இரவில் தூக்கமில்லை, நெஞ்சு அடைக்கிறது என்ற நிலை இருந்தால் நான் எழுதுவது போதாது, மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. நூலும் லேஸும் வாங்கத் திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று பெயர்பெற்ற சந்தைக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய், மலையாளத்தில் பேரம் பேசி வாங்கி வருவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை மறந்துவிடாதீர்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

பாடப்புத்தகத்துக்கு முன்னால் இந்த விஷயத்தை எனக்குச் சொல்லித்தந்தது ரப்பர் மரம். அப்பா குலசேகரம் பக்கத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. தொழிலை அவர் என் அண்ணனுக்குத்தான் கற்றுக்கொடுத்தார். நான் பின்னால் வாளி தூக்கிக்கொண்டு போனவள். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரின் அழுத்தம் இறங்கிப் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே டார்ச் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுக்க வேண்டும், பால் பிடிக்கும் சிரட்டையைத் துடைக்க வேண்டும், பிறகுதான் கத்தி. இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சரிந்த கோடு, ஏறத்தாழ 30 டிகிரி. பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்க்குத்தாக ஓடாமல் சற்றுச் சாய்ந்து ஓடுவதால் இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். இதில் ஒன்றைக்கூட யாரும் என்னிடம் சொன்னதில்லை. இரண்டு வருடம் பார்த்தேன், அவ்வளவுதான்.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒரு நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். அப்பா மேட்டுப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தார். கீழ் வரிசை மரங்களை வெட்டுமாறு கத்தியை என்னிடம் கொடுத்தார். ஒட்டுப்பால், சிரட்டை, கோட்டின் சரிவு, திசை எல்லாம் தானாக வந்தன. முதல் இரண்டு மரங்களில் பால் வடிந்தது. மூன்றாவது மரத்தில் கத்தி உள்ளே போய்விட்டது. பால் மிகுந்த குழாய்கள் இருப்பது உள்பட்டையில், மரம் பருக்கக் காரணமான மெல்லிய படலத்துக்குச் சற்று வெளியே. கத்தி அந்தப் படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். தொட்டால் மரத்துக்குக் காயம், ஆறும்போது முண்டு விழும், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். கோட்டை இரண்டு வருடம் பார்த்த என் கண் ஆழத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை. அது பார்க்கக் கூடியதும் இல்லை. அது அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது.

அப்பா வந்து காயத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. ஓடைக்கரையில் நின்ற ஒரு கிழட்டு மரத்திடம் என்னைக் கூட்டிப்போய் அதன் உடம்பில் வரிசையாக இருந்த முண்டுகளைத் தடவிக் காட்டி, "இது நான் வெட்டிப் படித்த மரம், மக்களே" என்றார். எங்கள் பக்கம் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்லூரியில் இந்தப் பாடத்தை எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு அந்த மரம் நினைவுக்கு வரும்.

இனிப் பாடப்புத்தகத்துக்கு வருகிறேன். ஒரு செயலைத் தானே செய்து, அதற்குப் பரிசோ தண்டனையோ கிடைத்தால்தான் கற்றல் நிகழும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க உளவியலில் ஓங்கியிருந்த கருத்து. அதை அசைத்தவர்களில் முதன்மையானவர் ஆல்பர்ட் பண்டூரா. 1925இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மண்டேர் என்ற சிற்றூரில் பிறந்தவர், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுவதும் பணியாற்றி 2021இல் காலமானார். 1961இல் வெளிவந்த அவருடைய பொம்மைச் சோதனையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரில் ஒரு பகுதியினர், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் அதே சொற்களோடு அதே மாதிரி அடித்தார்கள். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். உங்களுக்கு வேண்டியதோ 1965இல் வெளிவந்த மற்றொன்று.

அதில் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார்கள். பொம்மையை அடித்த ஆள் ஒரு குழுவுக்குக் காட்டிய படத்தில் பாராட்டுப் பெற்றான், இன்னொரு குழுவுக்குக் காட்டியதில் திட்டு வாங்கினான், மூன்றாவதில் அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. பிறகு குழந்தைகளைப் பொம்மையோடு விட்டபோது, திட்டு வாங்கியதைப் பார்த்தவர்கள் குறைவாகவே அவனைப் போலச் செய்தார்கள். பார்க்கும்போது கவனம் சிதறியிருக்கும், கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடலாம் அல்லவா? ஆனால் அடுத்து, அந்த ஆள் செய்ததைச் செய்துகாட்டினால் ஒவ்வொன்றுக்கும் பழச்சாறும் ஒட்டுப்படமும் தருவதாகச் சொன்னதும் குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. எல்லோருமே கற்றிருந்தார்கள். ஒரு குழு மட்டும் கற்றதை உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. கற்பது ஒன்று, கற்றதை வெளியே காட்டுவது வேறொன்று என்ற இந்தப் பிரிவினை இத்துறையில் உறுதியாக நிற்கும் முடிவுகளில் ஒன்று.

பட்டுத் துணிக்காகத் திட்டு வாங்கிய பெண்ணை நீங்கள் பார்த்தீர்கள். அவள் வாங்கிய திட்டு உங்கள் கையைக் கட்டியிருக்கிறது. எட்டு மாதம் கற்றது எங்கும் போய்விடவில்லை. கேள்வியில் அந்த வரியை நீங்கள் தற்செயலாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

பார்த்துக் கற்பதற்கு நான்கு படிகளைச் சொன்னார் பண்டூரா. கவனிக்க வேண்டும், கவனித்தது மனதில் ஏதோ ஒரு வடிவில் தங்க வேண்டும், அதைச் செய்ய உடம்பு இடம் கொடுக்க வேண்டும், செய்வதற்கு ஒரு காரணமும் இருக்க வேண்டும். தேர்வில் நான்கு மதிப்பெண்ணுக்கு இதைக் கேட்போம், மாணவர்கள் ஒப்பிப்பார்கள். உங்களிடம் முதல் இரண்டும் நிறைவாக இருக்கின்றன. நான்காவதைத் திட்டு கெடுத்துவிட்டது. மூன்றாவதுதான் கொஞ்சம் பேச வேண்டியது, ஏனென்றால் கண் ஏமாறும் இடம் அது.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பொருந்தும். மேலே இருக்கும் பாத்திரங்கள் விழாமல் மேசை விரிப்பை உருவும் வித்தை, பலகையில் சிறு அம்பு எறிவது போன்றவற்றைச் சிலருக்கு ஒரு முறையும் சிலருக்கு 20 முறையும் வீடியோவில் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தங்களால் முடியும் என்ற நம்பிக்கை ஏறியது. கையில் கொடுத்து அம்பு எறியச் சொன்னபோது ஒரு முறை பார்த்தவர்களைவிட அவர்கள் நன்றாக எறியவில்லை. இன்னொரு சோதனையில், மேலே எறிந்து மாற்றி மாற்றிப் பிடிக்கும் கட்டைகளைச் சற்று நேரம் கையில் வைத்திருந்து பார்த்தவர்களுக்கு அந்த அதிக நம்பிக்கை இறங்கிவிட்டது. சமையல் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் முதல் அல்வா அடிப்பிடிக்கத்தான் செய்கிறது.

உங்கள் நிலை இதற்கு நேர்மாறாக இருப்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு அறியாமையால் நம்பிக்கை வந்தது. நீங்கள் கத்தரிக்கோலைத் தொட்டவர், துணியின் விலை தெரிந்தவர், தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள இடைவெளி உங்கள் விரலுக்குத் தெரிகிறது. எனவே உங்கள் தயக்கத்தில் ஒரு பகுதி நியாயமான கணக்கு. அதைக் கோழைத்தனம் என்று சொல்பவர்கள் தாங்கள் துணி வெட்டிப் பார்க்காதவர்களாக இருக்கக்கூடும்.

'என்னால் முடியும்' என்பதற்கு வருகிறேன். தமிழில் தன்னம்பிக்கை என்ற ஒரே சொல்லில் இரண்டு பொருள்களைக் கட்டி வைத்திருக்கிறோம். நான் மதிப்புள்ள ஆள் என்ற பொதுவான உணர்வு ஒன்று. இந்தக் குறிப்பிட்ட வேலையை இந்தச் சூழலில் என்னால் செய்ய முடியும் என்ற கணிப்பு மற்றொன்று. 1977இல் பண்டூரா எழுதிய கட்டுரையிலிருந்து உளவியல் விரிவாகப் பேசிவருவது இரண்டாவதைத்தான். தன்திறன் நம்பிக்கை என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். அது வேலைக்கு வேலை மாறும், இடத்துக்கு இடம் மாறும். சாலைச் சந்தையில் மொத்த வியாபாரியிடம் விலை குறைக்கும்போது உங்களுக்கு அது நிரம்ப இருக்கிறது, பட்டுத் துணி முன்னால் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம்தான். இதனால்தான் மேடையேறித் தன்னம்பிக்கை விற்பவர்களிடம் எனக்கு அவ்வளவாக ஒட்டுதல் இல்லை. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நெஞ்சு நிமிர்ந்திருக்கும். மறுநாள் கைக்குழியை வெட்ட அது உதவாது.

இந்தக் கணிப்பு நான்கு ஊற்றுகளிலிருந்து வருவதாகச் சொல்வார்கள். தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் வெல்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், தன் உடம்பு காட்டும் அறிகுறி. இவற்றில் முதலாவது வலியது என்பதில் ஐயம் கிடையாது, பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற மூன்றின் பலம் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. ஆண்களின் துறை என்று கருதப்பட்ட கணிதம், அறிவியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் பணியாற்றிய பெண்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மற்றவர்களின் சொல்லும் முன்மாதிரிகளும்தான் அவர்களுடைய நம்பிக்கைக்கு முக்கியக் காரணமாக வெளிப்பட்டன. ஆக வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருக்காது.

இரண்டாவது ஊற்றில் 'தன்னைப் போன்றவர்' என்ற சொல்லை அழுத்திப் படியுங்கள். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் அமைப்பின் சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் நடத்திய கிராம மையம் தேனீ வளர்ப்பையும் கோழி வளர்ப்பையும் செய்துகாட்டிப் பரப்பியது. இன்று மார்த்தாண்டம் தேன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. ஆனால் வெள்ளைக்காரத் துரை பெட்டியைத் திறந்து காட்டினால் ஊர்க்காரன் கைகட்டி வேடிக்கை பார்ப்பான், 'துரைக்கு வரும், நமக்கு வருமா' என்று போய்விடுவான் என்பது என் எண்ணம். பக்கத்து விளையில் தன்னைப் போலவே இரண்டு தென்னையும் நாலு வாழையும் வைத்திருப்பவன் தேன் எடுத்தால்தான் வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்கு விலை விசாரிப்பான். எங்கள் மேட்டில் ஒரு தோட்டத்தில் கணவர் காலை ஒடித்துக்கொண்டதும் அவருடைய கத்தியை எடுத்து ஓர் அக்கா பால் வெட்டத் தொடங்கினார். அதுவரை அந்த மேட்டில் பெண்கள் பால் சுமந்தார்கள், உறைந்த பாலை ஷீட்டாக அடித்தார்கள், வெட்டியதில்லை. இரண்டு வருடத்தில் இன்னும் மூன்று பேர் கத்தி எடுத்தார்கள். அந்த அக்கா யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை.

அப்படியானால் யாரைப் பார்ப்பது? தடுமாறாமல் செய்யும் கெட்டிக்காரரையா, தடுமாறித் தேறும் சக மாணவரையா? இதில் ஆய்வாளர்களிடமே தெளிவான ஒருமை இல்லை. டேல் ஷங்க் என்பவரும் அவருடைய சகாக்களும் கணக்கில் பின்தங்கிய குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். 1985இல் கழித்தல் கணக்கில், ஆசிரியர் செய்வதைப் பார்த்தவர்களைவிடத் தங்கள் வயதுப் பிள்ளை செய்வதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கையும் தேர்ச்சியும் கூடின. அந்தப் பிள்ளை தடுமாறினானா, சரளமாகச் செய்தானா என்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. 1987இல் பின்னக் கணக்கில் செய்தபோது தடுமாறித் தேறிய பிள்ளையைப் பார்த்ததுதான், சரளமாகச் செய்த ஒரே பிள்ளையைப் பார்த்ததைவிட அதிகம் உதவியது. கழித்தலில் அந்தக் குழந்தைகளுக்கு முன்பே ஏதோ கொஞ்சம் வெற்றி இருந்தது, பின்னத்தில் அவர்களுக்குப் பிடிமானமே இல்லை, அதனால்தான் இந்த வேறுபாடு என்பது அவர்கள் தந்த விளக்கம். எனக்கு அது பொருத்தமாகத்தான் படுகிறது, ஆனால் விளக்கம் விளக்கம்தான்.

என் அனுபவத்தைக் கேட்டால் ஒருமை உண்டு. பயிற்சி மாணவர்கள் முதன்முதலாகப் பள்ளியில் பாடம் எடுக்கப் போவதற்கு முன், கைதேர்ந்த ஆசிரியர் ஒருவரின் மாதிரி வகுப்பைக் காட்டுவது வழக்கம். பார்த்துவிட்டு வெளியே வரும் முகங்களில் பாதி வெளிறியிருக்கும். சில ஆண்டுகளுக்குப் பிறகு நான் முந்தைய ஆண்டு மாணவி ஒருத்தியை அழைத்து வந்து பாடம் எடுக்கச் சொன்னேன். அவள் நடுவில் மறந்தாள், கரும்பலகையில் தப்பாக எழுதினாள், "பொறுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று அழித்து எழுதினாள். அன்று மாலை மூன்று பெண்கள் தாங்களாகவே பெயர் கொடுத்தார்கள். இது ஆய்வு அல்ல, எண்ணிக்கை வைத்து நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அந்த வழக்கத்தை ஓய்வுபெறும்வரை விடவில்லை. பொருத்தமான ஆளைக் கொஞ்ச நேரம் பார்ப்பது, எட்டாத ஆளை ஆண்டுக்கணக்கில் பார்ப்பதைவிட மேல்.

உங்கள் அக்கா 20 வருடமாக வெட்டுகிறவராக இருப்பார். சாக்கட்டியைக்கூட அரைகுறையாகத்தான் வைப்பார், மீதிக் கோடு மனதில் இருக்கும். அவரைப் பார்ப்பதில் கோடு கிடைக்கும், ஆழம் கிடைக்காது. வீடியோவில் வருபவர் இன்னும் மோசம், துணி கெட்டுப்போன பகுதியை வீடியோவிலிருந்து நீக்கிவிட்டுத்தான் போடுவார். நீங்கள் பார்க்க வேண்டிய ஆள், பட்டுத் துணியைக் கெடுத்தாரே, அந்தப் பெண். அவர் மறுபடி கத்தரிக்கோல் எடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்திருந்தால் அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல். உடம்பு படபடப்பதைப் பார்த்து மனம் 'எனக்கு வராது' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. 1969இல் ஸ்டான்ஃபோர்டில் பாம்பைக் கண்டால் நடுங்குகிறவர்களிடம் பண்டூராவின் குழு செய்த சோதனையில், சிலருக்குப் படம் காட்டினார்கள், சிலருக்கு மனதைத் தளர்த்தும் பயிற்சி தந்தார்கள். இன்னும் சிலருக்கு ஒருவர் கூட நின்று, முதலில் தான் பாம்பைத் தொட்டு, பிறகு கையுறை போட்டுத் தொடச் சொல்லி, பயந்தவரின் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக விலகிக்கொண்டார். கூட நின்று செய்ய வைத்த அந்தக் குழுவில் அநேகமாக எல்லோரும் தேறினார்கள், மற்ற குழுக்கள் அந்த அளவு தேறவில்லை. நடுக்கம் போன பிறகு தொடலாம் என்று அவர்களை உட்கார வைக்கவில்லை என்பதைப் பாருங்கள். தொடத் தொட நடுக்கம் போயிற்று.

இனி ஐயத்துக்குரியவை. நம்பிக்கை இருந்தால் செயல் நன்றாக வரும் என்பது எவ்வளவு உண்மை என்பதில் சர்ச்சை உண்டு. ஒரே ஆளைப் பல நாள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை 2013இல் திரட்டிப் பார்த்தபோது, நன்றாகச் செய்ததால் நம்பிக்கை வருவது வலுவாகவும், நம்பிக்கையால் நன்றாகச் செய்வது பலவீனமாகவும் தெரிந்தது. நம்பிக்கை மிகுந்துபோனால் முயற்சி தளர்ந்து செயல் கெடும் என்று காட்டிய சோதனைகளும் உள்ளன. பொம்மைச் சோதனைக்கும் குறை சொல்லியிருக்கிறார்கள். அடிப்பதற்கென்றே செய்த பொம்மையை அடித்ததை வைத்து மனிதரை அடிப்பார்கள் என்று சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. பிறர் செய்வதைப் பார்க்கும்போதே நம் மூளையிலும் அதே நரம்பணுக்கள் தூண்டப்படுகின்றன, அதனால் பார்ப்பதே கற்பது என்று சிலர் எழுதுவார்கள். 1990களில் இத்தாலியின் பார்மா நகரில் குரங்குகளிடம் அப்படிப்பட்ட அணுக்களைக் கண்டது உண்மை. அதிலிருந்து தையல் வகுப்புவரை இழுப்பது மிகை.

பிறவியா என்ற கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய இடத்தில் தயங்குவது, சட்டென்று பாய்வது போன்ற இயல்பில் பிறவிக்குப் பங்கு உண்டு. ஆனால் 'பிளவுஸ் வெட்ட என்னால் முடியாது' என்று எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. என் அப்பா 1956 நவம்பர் 1க்கு முன், இந்தக் கன்னியாகுமரி மாவட்டப் பகுதி தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தபோது, மலையாளப் பள்ளியில் படித்தவர். தமிழ் எழுத்தைப் பஸ் பலகையிலும் தேநீர்க்கடைச் செய்தித்தாளிலும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். அதை அவர் ஒரு திறமையாகவே எண்ணியதில்லை. நீங்கள் சாலைச் சந்தையில் பேசும் மலையாளத்தை எந்த வகுப்பில் படித்தீர்கள்?

செய்ய வேண்டியதைப் பற்றி நான் சொல்வதில் பாதி ஆய்வு, பாதி அனுபவம். எட்டு மாதம் காஜா எடுத்து, ஹூக் வைத்து, ஓரம் மடித்துத் தைத்தது வீண் என்று நினைக்காதீர்கள். லைபீரியாவில் தையல்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களை 1970களில் கவனித்த ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர், உடை உருவாகும் வரிசைக்குத் தலைகீழாகவே அவர்கள் கற்பதைக் கண்டார். முதலில் பொத்தான், மடிப்பு, இஸ்திரி, பிறகு இயந்திரம், வெட்டுவது கடைசி. தைத்துத் தைத்துத் துண்டுகள் எப்படிச் சேர்கின்றன என்று தெரிந்தவருக்கு எப்படிப் பிரிக்க வேண்டும் என்று புரியும். அங்கே தவறினால் நஷ்டம் குறைந்த உடைகளிலிருந்துதான் தொடங்குவார்கள், விலையுயர்ந்த உடை கடைசியில் வரும். நம் கடைகளும் இதைத்தான் செய்கின்றன, காஜாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவே படி வைக்க மறந்துவிடுகின்றன.

அந்தப் படியை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பழைய லுங்கியில் உங்கள் அளவுக்கு ஒரு பிளவுஸ் வெட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள், கைக்குழி இழுத்தால் எங்கே இழுக்கிறது என்று உங்கள் தோளே சொல்லும். பிறகு வாடிக்கையாளர் பிளவுஸின் லைனிங் துணியை மட்டும் வெட்டுகிறேன் என்று அக்காவிடம் கேளுங்கள். அது கெட்டால் போகும் பணம் சிறியது. வெட்டும்போது அவர் பக்கத்தில் நிற்கட்டும், கோடு போட்டதும் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், பின் மெல்ல விலகட்டும். அக்கா வெட்டும்போது அவர் கையைப் பார்ப்பதைவிட அவர் எங்கே ஒரு நொடி நிற்கிறார் என்று பாருங்கள். அங்கேதான் அவர் முடிவு எடுக்கிறார். "இந்த இடத்தில் ஏன் அரை இஞ்ச் விட்டீர்கள், அக்கா?" என்று கேளுங்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டினால் கற்பவருக்குத் துணையாகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது, ஆனால் கைதேர்ந்தவர்கள் கேட்காமல் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கே அது நினைவில் இருக்காது.

சம்பளத்தில் பிடிக்கும் விஷயத்தை மனதைத் தேற்றிக்கொண்டு சரிசெய்ய முடியாது. துணி கெட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது உங்கள் கை நடுக்கத்துக்கு எந்த ஊக்கச் சொல்லையும்விடப் பெரிய மருந்து. அக்கா ஒப்புக்கொள்வாரா என்பதை உங்கள் இருவருக்கும் இடையே உள்ள பழக்கம்தான் தீர்மானிக்கும், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒப்புக்கொள்ளாவிட்டால், கற்றது போதாது என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள், அந்தக் கடையில் கற்றதைக் காட்ட இடமில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓணத்துக்கு முன் எதையும் தொடங்க வேண்டாம். எல்லைக்கு இருபுறமும் இருந்து துணி குவியும் நேரத்தில் யாருக்கும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருக்காது. ஓணம் முடிந்து கடை ஓய்ந்து கிடக்கும் நாட்களில் லைனிங்கிலிருந்து தொடங்குங்கள். பட்டு கடைசியில் வரட்டும். அதற்குள் ஒரு நாள் அந்தப் பெண்ணைத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போய், கத்தரிக்கோல் எந்த இடத்தில் தவறியது என்று கேட்டுவிடுங்கள்.